ஆறாவது கட்டத்தில் ஒரு டிக்

எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை, உள்ளே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். அன்று காலை ஏழு மணிக்கு ஷிஃப்டுக்கு வந்தவர்கள் எல்லாருடைய செருப்பிலும் செம்மண் அப்பியிருந்தது.

தீயணைப்பு, காவல், ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கட்டுப்பாட்டு அறை. முன்பெல்லாம் மூன்றும் மூன்று கட்டடங்களில் இருந்தன. ஒரே விபத்துக்கு மூன்று பேரும் தனித்தனியாகக் கிளம்பி, பாதி வழியில் ஒருவரையொருவர் மறித்துக்கொண்டு நின்ற கதைகள் உண்டு. பிறகுதான் ஒரே கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். நடுவில் என் மேசை. ஒருங்கிணைப்பாளர் என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஒருவர் கேட்பதை இன்னொருவரிடம் சொல்லி, மூவரும் கேட்பதை மற்ற துறைகளுக்குப் படிவம் போட்டு அனுப்புவது என் வேலை. வீட்டில் மாமியாருக்கும் கணவருக்கும் நடுவில் நான் செய்வதும் இதே வேலைதான். அங்கே படிவம் இல்லை, அவ்வளவுதான்.

வருடத்துக்கு ஒரு முறை பேரிடர் ஒத்திகை நடக்கும். கல்லூரிப் பிள்ளைகள் கையில் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு படுத்திருப்பார்கள். ஸ்ட்ரெச்சர் வர நேரமானால் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் தின்பார்கள். போன ஒத்திகையில் எங்கள் அறைக்கு முழு மதிப்பெண். மூன்று துறைகளும் ஒரு கையின் விரல்கள் மாதிரி வேலை செய்ததாகப் பெரிய அதிகாரி ஒருவர் பேசினார். நாங்களும் கை தட்டினோம். இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

அன்று காலை ஆறு நாற்பதுக்கு மலைச்சரிவு பெயர்ந்து கீழ்த்தெருவின் மேல் விழுந்தது. பதினோரு வீடுகள் சேற்றுக்குள் போயின. நான் வந்து உட்காரும்போது தீயணைப்பு ஆட்கள் முப்பத்திரண்டு பேர் சேற்றில் இறங்கியிருந்தார்கள். ஆம்புலன்ஸ் பன்னிரண்டு, பக்கத்துச் சாலையில் வரிசையாக நின்றன. காவல்துறை கயிறு கட்டிக் கூட்டத்தை நிறுத்தியிருந்தது. சொல்லப்போனால் எல்லாம் ஒத்திகையைவிட நன்றாகவே நடந்தது.

தீயணைப்பு மேசையில் இருப்பவரை நாங்கள் மைக் என்போம். அவர் ரகசியம் பேசினாலும் கீழ்த்தளத்தில் கேட்கும். ஏழரைக்கு அவர் எழுந்து நின்றார்.

"சேத்துக்குள்ள வயர் அறுந்து கெடக்கு. எங்க ஆளுங்க ரெண்டு பேருக்கு ஷாக் அடிச்சிருக்கு. கரெண்ட்ட நிறுத்தினாத்தான் கை வைக்க முடியும். இல்லன்னா எல்லாரையும் மேல ஏறச் சொல்லிடுவேன்."

மின்வாரியத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேரிடர் நாட்களில் மட்டும் வருவார். ஃபியூஸ் என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளாத நல்ல மனிதர். "ஃபார்ம் போடுங்க மேடம், நாலு நிமிஷத்துல நிறுத்திடறேன்" என்றார்.

மின் துண்டிப்புக் கோரிக்கைப் படிவத்தில் ஏழு கட்டங்கள். எந்தப் பகுதி, என்ன காரணம், யார் கேட்கிறார்கள், இப்படிப் போகும். ஆறாவது கட்டம், 'வீட்டில் மருத்துவக் கருவி வைத்திருப்பவர்களுக்குத் தகவல் தரப்பட்டதா?' என்பது. அதில் 'இல்லை' என்று போட்டால் படிவம் நகராது. நுகர்வோர் பிரிவுக்குப் போய், அங்கே ஒருவர் பட்டியலைப் பிரித்து, ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுச் சொல்லி முடிக்க ஒரு மணி நேரமாகும். கம்பம் மாற்றுகிற நாட்களுக்காக யாரோ போட்ட கட்டம் அது. அவசரத்துக்கு எல்லாரும் 'ஆம்' என்று டிக் போடுவோம். புதிதாக வருகிறவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுப்போம். நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன், "ஆறாவதுல யோசிக்காதீங்க" என்று.

ஏழு நாற்பத்திரண்டுக்கு டிக் போட்டேன். ஏழு நாற்பத்தாறுக்கு மின்சாரம் நின்றது. மைக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். எனக்குக்கூட ஒரு பெருமை இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

எட்டு இருபத்திரண்டுக்கு என் இணைப்பில் ஒரு அழைப்பு வந்தது. பேரிடர் எல்லைக்குள் இருந்து வருவதெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஒரு அம்மா. அறுபது வயதுக் குரல். பதற்றமே இல்லை. பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்கிற தொனி.

"ஏம்மா, கரெண்ட் எப்ப வரும்? கரெண்ட் ஆபீஸ் நம்பர்ல அரை மணி நேரமா காத்திருக்கேன். பொம்பளப் புள்ள ஒண்ணு நன்றி நன்றின்னு சொல்லிட்டே இருக்கு, ஆள் வரமாட்டேங்குது."

"மண் சரிஞ்சிருக்கும்மா. வேலை நடக்குது. கொஞ்சம் நேரமாகும்."

"தெரியும்மா, எங்களுக்குப் பின்தெருதானே. பாவம். நான் எனக்காகக் கேக்கல. எங்க வீட்டுக்காரரு ஆக்சிஜன் மெஷின்ல இருக்காரு. அது நின்னுபோச்சு. கைவசம் இருந்த சின்ன சிலிண்டரைத்தான் போட்டுவிட்டிருக்கேன். முள்ளு செவப்புக் கோட்டுக்குப் பக்கத்துல வந்துடுச்சு."

என் கை தானாகவே பட்டியலைத் திறந்தது. மின்வாரியத்தின் பட்டியல்தான், எங்கள் கணினியிலும் இருக்கிறது. அந்த மின்பாதையில் ஒரே ஒரு பெயர். கதவு எண், தெரு, தொலைபேசி எண், கருவியின் பெயர், எல்லாம் சுத்தமாகப் பதிந்திருந்தது. திறந்து பார்க்க எனக்கு ஆறு விநாடிதான் ஆயிற்று. ஒரு பெயர். ஒரு தொலைபேசி அழைப்பு. ஒரு மணி நேரமெல்லாம் ஆகியிருக்காது.

எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன்.

"ஃபியூஸ், அந்தத் தெருவுக்கு மட்டும் திருப்பிக் குடுக்க முடியுமா?"

அவர் திரையில் விரல் வைத்துக் காட்டினார். "ரெண்டு தெருவுக்கும் ஒரே லைன் மேடம். பிரிக்கற சுவிட்ச் கம்பத்துல இருக்கு. கம்பம் சேத்துக்குள்ள இருக்கு."

"அஞ்சே அஞ்சு நிமிஷம்?"

மைக் இதைக் கேட்டுவிட்டார். முதல் முறையாக மெதுவாகப் பேசினார். "மா, முப்பத்திரண்டு பேரு இடுப்பளவு தண்ணியில நிக்கிறாங்க."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அன்று யார் சொன்னதிலும் தப்பில்லை. அதுதான் எனக்கு ஆறவேயில்லை. யாராவது ஒருத்தர் சோம்பேறியாகவோ திமிராகவோ இருந்திருந்தால் பிடித்துத் திட்டியிருப்பேன்.

ஆம்புலன்ஸ் மேசையில் இருக்கும் பெண்ணை எல்லாரும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவளைவிட இரண்டு வயது சின்னவர்கள்கூட. அவள் ஏற்கெனவே இன்னொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு என் அழைப்பில் சேர்ந்துவிட்டாள்.

"அம்மா, சிலிண்டர்ல திருகு இருக்குல்ல, அதுல இப்ப எந்த நம்பர்ல இருக்கு?"

"மூணு."

"ரெண்டுல வைங்க. அவரை நிமிர்த்தி உக்கார வைங்க. ஜன்னலைத் தெறந்துடுங்க. பேச விடாதீங்க."

"அவரைப் பேச விடாம இருக்கறதா? முப்பது வருஷம் பஸ் கண்டக்டரா இருந்தவரும்மா" என்றார் அந்த அம்மா. பின்னால் இருந்து ஒரு ஆண் குரல், ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கிப் போட்டது. "முன்னாடி... போகச் சொல்லு... முன்னாடி எடம் இருக்கு..." அந்த அம்மா சிரித்தார். "ஆம்புலன்ஸ் ரோட்ல வரிசையா நிக்குதுல்ல, அதைச் சொல்றாரு. மாடியிலேர்ந்து பாத்தா தெரியுது."

மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம். வரைபடத்தில் அளந்தேன். முந்நூற்றைம்பது மீட்டர். பன்னிரண்டு வண்டிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பெரிய சிலிண்டர்கள். அதுவரை சேற்றிலிருந்து ஒருவரும் உயிரோடு வெளியே வரவில்லை. பன்னிரண்டும் காலியாகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றன. முன்னால் பெரிய தீயணைப்பு வண்டி, பின்னால் மண் அள்ளும் இயந்திரம். நடுவில் ஒரு சைக்கிள்கூடத் திரும்ப முடியாது.

"பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டேன்.

"எல்லாரையும் போலீஸ்காரர் வந்து காலி பண்ணச் சொல்லிட்டாரும்மா, மேல விரிசல் இருக்குதாம். இவரால நடக்க முடியாதுன்னு சொன்னேன். நோட்டுல எழுதிக்கிட்டாரு. ஆம்புலன்ஸ் அனுப்பறேன்னாரு. நல்ல பையன்."

காவல் மேசையில் இருந்த சார் உடனே வயர்லெஸ்ஸில் விசாரித்தார். அந்த நல்ல பையன் இரண்டு கிலோமீட்டர் தள்ளி முச்சந்தியில் போக்குவரத்தைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தான். நோட்டு அவன் சட்டைப் பையில் இருந்தது. அவனைக் கோவித்து என்ன செய்ய? எனக்கோ அந்தப் பெயர் திரையிலேயே இருந்தது.

தங்கச்சி தன் ஆட்களைப் பிடித்தாள். ஏழாம் வண்டியின் செவிலியரும் ஓட்டுநரும் ஒரு சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே போகக் கிளம்பினார்கள். அப்போது மணி எட்டு முப்பத்து நான்கு. படிக்கட்டுச் சந்து வழியாக ஐந்து நிமிடம். எனக்கு மூச்சு வந்தது. "ஆள் வர்றாங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

கயிற்றருகே காவலர்கள் அவர்களை நிறுத்திவிட்டார்கள். மேலே விரிசல் விட்ட தெருவுக்குள், தீயணைப்பின் பாதுகாப்பு அதிகாரி பார்த்துச் சரியென்று சொல்லாமல் யாரையும் விடக் கூடாது. நாங்கள் மூன்று துறையும் சேர்ந்து உட்கார்ந்து, டீ குடித்து, கையெழுத்துப் போட்ட விதி அது. போன வருடம் வேறொரு ஊரில், கயிற்றைத் தாண்டிப் போன ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் மேல் இரண்டாவது சரிவு விழுந்ததற்குப் பிறகு போட்டது.

"சேஃப்டி ஆபீசரைப் பிடிங்கண்ணே" என்றேன் மைக்கிடம்.

அவர் வயர்லெஸ்ஸை எடுத்தார். எடுத்தவர் அப்படியே கீழே வைத்தார்.

"மௌனம் போட்டுட்டாங்க" என்றார்.

சேற்றுக்குள் எங்கோ தட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது. அப்படிக் கேட்டால் எல்லாவற்றையும் நிறுத்துவார்கள். இயந்திரம், வண்டி எஞ்சின், வயர்லெஸ், கைபேசி எல்லாம். முப்பத்திரண்டு பேரும் அசையாமல் நின்று காது கொடுத்துக் கேட்பார்கள். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம்கூட ஆகும். அந்த நேரத்தில் சேற்றில் இறங்கியவர்கள் யாருடனும் பேச முடியாது. பாதுகாப்பு அதிகாரியும் அந்த முப்பத்திரண்டு பேருக்கு நடுவில்தான் நின்றிருந்தார்.

எங்கள் கூடத்திலும் பேச்சு நின்றது. கேமரா திரையில், மஞ்சள் தலைக்கவசங்கள் குனிந்து நிற்பது தெரிந்தது. அந்த அம்மாவின் குரல் மட்டும் என் காதில்.

"முள்ளு செவப்புக்குள்ள போயிடுச்சும்மா. எங்க வந்துட்டாங்க அவங்க?"

"பக்கத்துலதான். தெருமுனையில."

"தெருமுனையிலயா? நான் போய் கூட்டிட்டு வரட்டா?"

கணவரை விட்டு அந்த அம்மா போகலாமா? போனால் அவரையும் உள்ளே திரும்ப விடமாட்டார்கள். "வேண்டாம், நீங்க அவர்கூட இருங்க" என்றேன். காவல் மேசைப் பக்கம் திரும்பினேன். "சார், ரெண்டு பேரையும் விடச் சொல்லுங்க. நான் பொறுப்பு."

சார் என்னைவிட மூத்தவர், யாரையும் கடிந்து பேசாதவர். "விடச் சொல்றது ஒரு வார்த்தைம்மா. அந்த நர்ஸுக்குக் கைக்குழந்தை இருக்கு. மேல இருக்கறது இப்ப இறங்கினா நீங்க என்ன பொறுப்பு ஏத்துப்பீங்க?"

காலையில் ஒரு டிக்கைப் போட்டபோது இவ்வளவு யோசிக்கவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. தங்கச்சி அழுதுகொண்டே அந்த அம்மாவுக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தாள். முதுகைத் தடவிவிடுங்க, சட்டை பட்டனைக் கழட்டுங்க, உதட்டைக் குவிச்சு மெதுவா ஊதச் சொல்லுங்க. குரலில் அழுகை கொஞ்சமும் தெரியவில்லை. அந்தத் திறமையை அவளுக்கு எங்கே கற்றுக் கொடுத்தார்களோ.

எட்டு நாற்பத்தெட்டுக்கு, "முள்ளு அடியில உக்காந்துடுச்சு" என்றார் அந்த அம்மா.

பிறகு கணவரிடம்தான் பேசினார். "இங்க பாருங்க. என்னைப் பாருங்க. வந்துட்டாங்களாம், தெருமுனையில நிக்கிறாங்களாம். நீங்க எத்தனை பேரை ஏத்தி எறக்கியிருப்பீங்க, உங்களை விட்டுட்டா போவாங்க?" பின்னால் அவருடைய மூச்சு கேட்டது. அதை நான் விவரிக்கப் போவதில்லை.

எட்டு ஐம்பத்தைந்துக்கு மௌனத்தை முடித்துவிட்டு, சத்தம் வந்த இடத்தில் கையாலேயே சேற்றை அள்ளத் தொடங்கினார்கள். மைக் அந்த விநாடியே பாதுகாப்பு அதிகாரியைப் பிடித்தார். அவர் அண்ணாந்து ஒரு முறை பார்த்துவிட்டு, "போகலாம், சுவர் ஓரமா போகச் சொல்லுங்க" என்றாராம். அரை நிமிடம்கூட ஆகவில்லை. செவிலியரும் ஓட்டுநரும் ஓடினார்கள். சிலிண்டர் படியில் இடிக்கும் சத்தம் தங்கச்சியின் இணைப்பில் கேட்டது.

"அம்மா, ஓடி வர்றாங்க. கதவைத் தெறந்து வைங்க."

"இவரு தலை சாஞ்சிடுச்சும்மா" என்றார் அவர். "மூச்சுச் சத்தம் நின்னுடுச்சு."

"தரையில படுக்க வைங்கம்மா, நெஞ்சுல அழுத்தணும்" என்றாள் தங்கச்சி.

"நாற்காலியிலேர்ந்து எறக்க முடியலம்மா. எனக்கு முடியல. பெரிய உடம்பும்மா அவருக்கு."

அந்த நேரத்தில்தான் எங்கள் கூடம் முழுக்கக் கைதட்டல் வெடித்தது. திரையில், சேற்றிலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கினார்கள். பிறகு ஒரு சிறுமி. பிறகு ஒரு கிழவர். மூன்று பேரும் கையை அசைத்தார்கள். மைக் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினார். ஃபியூஸ் அவர் தோளைத் தட்டினார். சார் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானும் தங்கச்சியும் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

"என்னம்மா அது சத்தம்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"மூணு பேரை உயிரோட எடுத்துட்டாங்கம்மா."

"கீழ்த்தெருவுலயா?"

"ஆமாம்மா."

"நல்லதும்மா" என்றார். அதைச் சொல்லும்போது மூச்சிரைத்தது. இன்னும் கணவரை நாற்காலியிலிருந்து இறக்கத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்கள் உள்ளே வந்தது காதில் விழுந்தது. நாற்காலி இழுபடும் சத்தம். செவிலியர் எண்ணுகிற குரல், ஒன்று இரண்டு மூன்று என்று முப்பது வரை, மறுபடி ஒன்றிலிருந்து. ஆட்கள் வந்துவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நான் துண்டிக்கவில்லை. அந்த அம்மாவும் வைக்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார் போலும். இருபத்தைந்து நிமிடம் இருவரும் அந்த எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு எண்ணுகிற குரல் நின்றது.

"அந்த நர்ஸ் தம்பி இல்லைன்னு தலையாட்டிட்டாரும்மா" என்றார்.

எங்களுக்குக் கொடுத்திருக்கிற அட்டையில் இதற்கு ஒரு வாக்கியம் அச்சடித்திருக்கிறது. அதைப் படிக்க வாய் வரவில்லை.

"இனிமே கரெண்ட்டுக்கு யாரையும் அவசரப்படுத்தாதீங்கம்மா" என்றார். "உள்ள இன்னும் ஆளுங்க இருப்பாங்கல்ல. அவங்க வரட்டும். மெதுவா போடட்டும்."

அப்படியே விட்டிருக்கலாம். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை, என் பெயரும் அவருக்குத் தெரியாது. விசாரணை வந்தாலும் அந்தக் கட்டத்தைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை, கேட்கிறவரும் அப்படி டிக் போட்டவராகத்தான் இருப்பார். ஆனாலும் என்னால் முடியவில்லை.

"அம்மா, கரெண்ட்ட நிறுத்தச் சொன்னது நான்தான். உங்ககிட்ட முன்னாடியே சொல்லியாச்சுன்னு எழுதிக் குடுத்ததும் நான்தான். சொல்லல. நான் பட்டியலைப் பாக்கவே இல்லம்மா."

மறுமுனையில் யாரோ சிலிண்டரை மெல்ல நகர்த்தி வைத்தார்கள்.

"அப்போ எங்க பேரு அதுல இல்லையாம்மா?" என்று கேட்டார். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "ஆபீஸ்ல நேர்ல போய் எழுதிக் குடுத்தோமே. இவரால முடியாமயே ரெண்டு மாடி ஏறி வந்து கையெழுத்துப் போட்டாரு. அவங்க விட்டுட்டாங்களா?"

"இல்லம்மா" என்றேன். "இருக்கு. பேரு இருக்கு."